சிறுநீரக மருத்துவரின் பட்டமும் அதற்குப் பின்னான படிப்பும்: கொங்கு நாட்டு நோயாளிகளுக்கு ஒரு விளக்கம்

நாள்பட்ட சிறுநீரக நோய் ஒருவரைப் பல ஆண்டுகள் மருத்துவமனையோடு பிணைத்து வைக்கும் நோய். அந்தக் காலத்திற்குள் புதிய மருந்துகள் வருகின்றன. எந்த நிலையில் டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்பது குறித்த மருத்துவக் கருத்தே மாறிவிடுகிறது. ஆகவே, சிறுநீரக மருத்துவர் எப்போது பட்டம் பெற்றார் என்பதைவிட, பட்டம் பெற்ற பின் அவர் தொடர்ந்து கற்று வருகிறாரா என்பதே நோயாளிக்கு முதன்மையான கேள்வி. இந்தியாவில் இதற்கான விதி என்ன, 2023-இல் அது எவ்வாறு மாற இருந்தது, ஏன் மாறவில்லை, கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம், கரூர் பகுதிகளில் சிகிச்சை பெறுவோருக்கு இதனால் விளைவது என்ன என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகள்

இந்தியாவில் சிறுநீரக மருத்துவராவதற்கு எம்.பி.பி.எஸ். படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள், பொது மருத்துவத்திலோ குழந்தைகள் நலத்திலோ எம்.டி. அல்லது அதற்கு இணையான படிப்பு மூன்று ஆண்டுகள், அதன்பின் சிறுநீரகவியலில் மேலும் மூன்று ஆண்டுகள் தேவை. இறுதிப் படிப்பில் சேர்வதற்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு 2017 முதல் நடைபெற்று வருகிறது. அந்தப் படிப்பைப் பல்கலைக்கழகத்தின் வழியே முடித்தவர் டி.எம். பட்டம் பெறுகிறார். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பொறுத்தவரை, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அப்பட்டத்தை வழங்குகிறது. தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியத்தின் வழியே முடித்தவர் டி.ஆர்.என்.பி. தகுதி பெறுகிறார், இதுவே முன்னர் டி.என்.பி. என்ற பெயரில் வழங்கியது. வாரியத்தின் பயிற்சி தனியார் பெருமருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. இரண்டும் சிறுநீரகவியலில் அங்கீகரிக்கப்பட்ட தகுதிகளே. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று கருதத் தேவையில்லை.

தாலுகா அளவிலான சில டயாலிசிஸ் மையங்களில் அன்றாட மேற்பார்வையைப் பொது மருத்துவத்தில் எம்.டி. பெற்று, டயாலிசிஸ் பயிற்சியும் பெற்ற மருத்துவர் கவனிப்பதுண்டு. இது விதிக்கு மாறானதன்று. ஆயினும், குறிப்பிட்ட இடைவெளியில் சிறுநீரக மருத்துவர் ஒருவர் தங்கள் சிகிச்சையைப் பார்வையிடுகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஐந்தாண்டுகளுக்கு முப்பது மணி நேரம்

பட்டம் பெற்றபின் மீண்டும் தேர்வு எழுத வேண்டும் என்ற கட்டாயம் இந்திய மருத்துவருக்கு இல்லை. இருப்பது ஒரு நடத்தை விதி மட்டுமே. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் தொழில்நெறி ஒழுங்குமுறை விதிகளின்படி, மருத்துவர் ஒவ்வோர் ஐந்தாண்டிலும் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும். அதனை மருத்துவக் கவுன்சிலுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

முப்பது மணி நேரம் என்பதை நோயாளியின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். டயாலிசிஸ் ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். வாரத்திற்கு மூன்று முறை எனில் பன்னிரண்டு மணி நேரம். நோயாளி இரண்டரை வாரத்தில் அந்தக் கட்டிலில் கழிக்கும் நேரமே மருத்துவரிடம் ஐந்தாண்டு முழுமைக்கும் குறைந்த அளவாகக் கேட்கப்படுகிறது. பெரும்பாலான சிறுநீரக மருத்துவர்கள் இதைவிடப் பன்மடங்கு கற்கிறார்கள் என்பது உண்மை. இந்திய சிறுநீரகவியல் சங்கமும் அதன் தென்மண்டலக் கிளையும் நடத்தும் மாநாடுகள், மருத்துவக் கல்லூரிகளின் பயிலரங்குகள், ஆய்விதழ்கள் எனப் பல வழிகள் உள்ளன. ஆனால் விதி அளப்பது வருகையை மட்டுமே. அரங்கில் அமர்ந்திருந்தவர் என்ன கற்றார், அதன் பின் மருந்துச் சீட்டில் என்ன மாறியது என்பதை அது அளப்பதில்லை.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவர்களுக்கான கல்விக் கூட்டங்கள் உண்மையில் சிகிச்சையை மாற்றுகின்றனவா என்று ஆராய்ந்து 2021-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பலன் உண்டு என்றும், அது சிறியது என்றும் கண்டது. பரிந்துரைக்கப்பட்ட முறைப்படி சிகிச்சை பெறுவோரின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுகிறது; அவ்வளவே.

பிற நாடுகள் வேறு வழிகளைத் தேடியுள்ளன. அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 1990 முதல் வாழ்நாள் சான்றிதழ் வழங்குவதை நிறுத்தி, பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மறுதேர்வைக் கொண்டுவந்தது. அதற்கு மாற்றாக, மூன்று மாதங்களுக்கு 30 வினாக்கள் வீதம் ஐந்தாண்டுகள் தொடரும் மதிப்பீட்டு முறையை 2022-இல் தொடங்கியது. பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல், மருத்துவர் தம் பணி குறித்த சான்றுகளையும் நோயாளிகளின் கருத்துகளையும் திரட்டி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தை உறுதிசெய்துகொள்கிறார். தேர்வில் வெல்பவர் எல்லாம் நல்ல சிகிச்சை தருபவர் என்று கூற இயலாது. அமெரிக்க மருத்துவர்களே தம் மறுதேர்வு முறையைக் கடுமையாக விமர்சித்து வந்துள்ளனர். பிரிட்டன் முறையில் நோயாளியின் குரலுக்கு ஓர் இடம் உண்டு என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று வாரம் நிலைத்த விதிகள்

இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கு மாற்றாக 2020 செப்டம்பரில் செயலுக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம், 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய தொழில்நெறி விதிகளை வெளியிட்டது. மருத்துவர் தம் துறையில் ஐந்தாண்டுகளுக்கு 30 மதிப்பெண் அளவிலான கல்வியைப் பெற வேண்டும், அதனை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் மட்டுமே பெற வேண்டும், மருந்து நிறுவனங்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் தரும் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்கக் கூடாது என்று அவ்விதிகள் கூறின. மருந்துகளை வணிகப் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுத வேண்டும் என்ற விதியும் அவற்றில் இருந்தது. மருத்துவர் அமைப்புகளின் எதிர்ப்பு முதன்மையாக மூலப்பெயர் விதியையும் மருந்து நிறுவன ஆதரவு குறித்த தடையையும் நோக்கியே எழுந்தது. அதே மாதம் 23-ஆம் நாள் விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2002-ஆம் ஆண்டு விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

எதிர்ப்பில் ஒரு நியாயம் இருந்தது. மூலப்பெயர் மருந்துகளின் தரம் எல்லா இடத்திலும் ஒன்றாக உறுதிசெய்யப்படாதபோது பொறுப்பை மருத்துவர் மேல் மட்டும் சுமத்தலாகாது என்று அவர்கள் கேட்டனர். ஆனால் அந்த வாதத்தோடு சேர்ந்து, 'தம் துறையில்' என்ற சிறு சொல்லும் நின்றுபோனது. நோயாளியைப் பொறுத்தவரை இழப்பு அதுவே. 2002 விதியின் முப்பது மணி நேரத்தை எத்துறைக் கூட்டத்திலும் நிரப்பலாம்; சிறுநீரக மருத்துவர் சிறுநீரகவியலில்தான் கற்க வேண்டும் என்று அது வலியுறுத்தவில்லை.

கல்விக்குப் பணம் தருபவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் வேறொரு திசையிலிருந்து பாதி விடை வந்தது. மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச் 12 அன்று வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை நெறி, மருத்துவர்களுக்குப் பரிசுப் பொருள் தருவதையும், மருந்து நிறுவனங்கள் வெளிநாட்டில் கல்வி நிகழ்ச்சி நடத்துவதையும் தடைசெய்தது. உள்நாட்டுக் கருத்தரங்குகளுக்கு நிறுவனங்கள் உதவுவது, சில வரையறைகளோடு இன்றும் தொடரலாம்.

இது தங்களை எவ்வாறு பாதிக்கிறது

நீரிழிவினால் சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயாளியை எடுத்துக்கொள்வோம். 1993-இல் கேப்டோப்ரில் மருந்தின் பலன் மெய்ப்பிக்கப்பட்டது. 2001-இல் அதனையொத்த வேறொரு மருந்து வகையின் பலன் உறுதியானது. அதன்பின் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள், சிறுநீரகம் பழுதடைவதைத் தெளிவாகத் தாமதப்படுத்தும் புதிய மருந்து வகை எதுவும் வரவில்லை. 2019-க்குப் பிறகு நிலை மாறியது. நீரிழிவுக்கென உருவான கிளிஃப்ளோசின் வகை மருந்துகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. 4,304 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், டாபாகிளிஃப்ளோசின் பெற்றவர்களில் நோய் முற்றியவர்களும் அதனால் இறந்தவர்களும் சேர்ந்து 9.2 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 14.5 விழுக்காடு. அவ்வாய்வில் நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளும் இருந்தனர். அவர்களுக்கும் பலன் கிடைத்தது.

இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிவுற்றன. பல நிறுவனங்கள் இவற்றைக் குறைந்த விலையில் விற்கின்றன. எனவே இன்று தடையாக இருப்பது பெரும்பாலும் விலையன்று. மருந்தை எழுதுபவர் அறிந்திருக்கிறாரா என்பதே.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. இம்மருந்துகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடலாம். இரத்த அழுத்தத்திற்கும் புரத இழப்பிற்கும் தரப்படும் பழைய மருந்துகளிலும் இவ்வாறு நேரும். அவற்றில் நான்கு வாரத்திற்குள் 30 விழுக்காடு வரையிலான உயர்வை ஏற்றுக்கொண்டு மருந்தைத் தொடரலாம் என்பது உலகளாவிய சிறுநீரக வழிகாட்டுதல். இதனை அறியாதவர் ஆய்வக அறிக்கையைப் பார்த்து அஞ்சி மருந்தை நிறுத்திவிடுகிறார். மருத்துவர் மட்டுமல்லாமல், அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் தாமாகவே நிறுத்திவிடும் நோயாளிகளும் உளர். அவ்வாறு செய்ய வேண்டாம். அறிக்கையோடு மருத்துவரை அணுகவும். மாறாக, கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி, அறுவை சிகிச்சை ஆகிய நேரங்களில் இம்மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கான அறிவுரையை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவும்.

டயாலிசிஸ் தொடங்கும் காலமும் இவ்வாறே. சிறுநீரகச் செயல்திறன் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கியவுடன், உடலில் தொல்லை இல்லாவிடினும், டயாலிசிஸ் தொடங்குவது நல்லது என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு, முன்கூட்டித் தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை என்று காட்டியது. உரிய கண்காணிப்போடு காத்திருந்தவர்களில் பலர் சில மாதங்கள் டயாலிசிஸ் இன்றியே கழித்தனர். தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ வாரம் மும்முறை கோவைக்குப் பேருந்து ஏறும் குடும்பத்திற்கு அந்தச் சில மாதங்களின் மதிப்பு பெரிது. எனினும் மூச்சுத் திணறல், கட்டுப்படாத பொட்டாசியம், ஓயாத வாந்தி ஆகியன இருந்தால் காத்திருக்கலாகாது.

பாடநூலில் இடம்பெறாத நோயாளிகள்

தேர்வுக்கு ஆயத்தமாகும் இளம் சிறுநீரக மருத்துவர் படிக்கும் பாடநூல்களும் வினாத் தொகுப்புகளும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கொங்கு நாட்டின் புறநோயாளர் பிரிவில் அமர்ந்திருப்போர் வேறு மக்கள். மஞ்சள் காட்டில் நாள் முழுதும் வெயிலில் குனிந்திருப்பவர், கோவை பவுண்டரியில் உலைக்கு முன் நிற்பவர், மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் தறிக்காரர் ஆகியோர் அங்கு வருகின்றனர்.

தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேரிடம் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ வேறு வழக்கமான காரணமோ காணப்படவில்லை. வெப்பமும் நீரிழப்பும் காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் வலுத்து வருகிறது. நீரிழிவு இல்லை என்பதால் சிறுநீரகப் பரிசோதனை தேவையில்லை என்று இத்தகையவரை அனுப்பிவிடுவது இனிப் பொருந்தாது. சிறுநீரில் புரதம் காணும் எளிய சோதனையும் கிரியேட்டினின் சோதனையும் அவர்களுக்குத் தேவை.

பாம்புக்கடியும் இங்கே சிறுநீரகவியலின் பகுதி. கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யக்கூடியது. உரிய நேரத்தில் நஞ்சுமுறி மருந்தும் தேவைப்பட்டால் டயாலிசிஸும் கிடைத்தால் பலர் மீள்கின்றனர். பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்க வாரியத் தேர்வுக்கு இது ஓரப் பாடம். கோபிசெட்டிபாளையத்து வயல்களுக்கு நடுப் பாடம். இத்தகைய பாடங்களைக் கொண்ட தொடர் கல்வி நம் மாவட்டங்களிலேயே நடைபெற வேண்டும். திருப்பூர், நாமக்கல், நீலகிரி, கிருஷ்ணகிரி ஆகிய இடங்களில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகள் அதற்கான இயல்பான இடங்கள். பயிற்சி சிறுநீரக மருத்துவரோடு நின்றுவிடவும் கூடாது. நோயை முதலில் காண்பவர் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே.

அறநெறியும் ஒரு பாடமே. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில், விசைத்தறித் தொழிலாளர்களின் கடனையும் வறுமையையும் பயன்படுத்தி இடைத்தரகர்கள் சிறுநீரகங்களை விற்கச் செய்ததாகப் புகார் எழுந்தது; மாநில அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். தானம் தருபவர் தம் விருப்பத்தால் தருகிறாரா, நெருக்கடியால் தருகிறாரா என்பதை எவ்வாறு கண்டறிவது, தந்தவரின் உடல்நலத்தைப் பல ஆண்டுகள் எவ்வாறு தொடர்ந்து கவனிப்பது என்பவை எழுத்துத் தேர்வில் மதிப்பெண் குறைவாகப் பெறும் பாடங்களாக இருக்கலாம். கொங்கு நாட்டில் அவற்றைத் தவிர்க்கவே இயலாது. உறுப்பு தேவைப்படுவோர் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் மருத்துவமனை வழியே பெயரைப் பதிவுசெய்யலாம். பணம் கேட்டு அணுகும் எவரையும் நம்ப வேண்டாம்.

தேர்வுக்காகத் தங்களை அழைத்தால்

டி.எம்., டி.ஆர்.என்.பி. தேர்வுகளில் எழுத்துத் தேர்வோடு, நோயாளியை நேரில் பரிசோதித்து நோயை விளக்கும் செய்முறைத் தேர்வும் உண்டு. கற்பிக்கும் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோரை அதற்கு வருமாறு கேட்பது வழக்கம். வர இயலாது என்று கூறத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் தங்கள் சிகிச்சை பாதிக்கப்படலாகாது. ஒப்புக்கொண்டால், எவ்வளவு நேரம் ஆகும், அன்று டயாலிசிஸ் நேரம் மாறுமா, உணவும் மருந்தும் தவறுமா என்பவற்றை முன்பே கேட்கவும். டயாலிசிஸுக்கான இரத்தக்குழாய் இணைப்பு உள்ள கையில் இரத்த அழுத்தக் கருவியைக் கட்ட வேண்டாம் என்று தேர்வு எழுதுபவரிடம் தயங்காமல் கூறலாம். அடையாளம் தெரியும் வகையில் தங்கள் படத்தையோ நோய் விவரத்தையோ இதழில் வெளியிட அனுமதி பெற வேண்டும் என்று 2002 விதிகளே கூறுகின்றன. கருத்தரங்கில் காட்டுவதற்கும் அனுமதி கேட்குமாறு தாங்கள் வலியுறுத்தலாம்.

எவ்வாறு சரிபார்ப்பது, என்ன கேட்பது

மருத்துவரின் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் காணலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலும், தேசிய மருத்துவ ஆணையம் பராமரிக்கும் இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் பெயரையோ எண்ணையோ இட்டுத் தேடலாம். சிறுநீரகவியல் தகுதி கூடுதல் தகுதியாகப் பதிவாகியிருக்கும். 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசிய மருத்துவப் பதிவேட்டில் மருத்துவர்கள் இன்னும் சேர்க்கப்பட்டு வருகின்றனர். அதில் ஒருவரின் பெயர் இல்லை என்பதாலேயே அவர் தகுதியற்றவர் என்று முடிவு செய்ய வேண்டாம்.

மருத்துவர் எத்தனை மணி நேரத் தொடர் கல்வி பெற்றார் என்பதை இப்பதிவேடுகளில் காண இயலாது. அந்த விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதுவரை, தங்கள் சிகிச்சை குறித்த நேரடிக் கேள்விகளே பயன் தரும். சிறுநீரில் புரதத்தின் அளவு என்ன, கடந்த முறையைவிடக் கூடியதா குறைந்ததா என்று கேட்கலாம். சிறுநீரகத்தைக் காக்கும் புதிய மருந்துகள் எனக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் ஏன் என்று கேட்கலாம். டயாலிசிஸ் தேவைப்படும் எனில், மருத்துவமனைக்கு வராமல் வீட்டிலேயே வயிற்றுறை வழியாகச் செய்துகொள்ளும் முறை எனக்கு இயலுமா என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீட்டிற்கே தரப்படுகின்றன. இக்கேள்விகளுக்குக் காரணத்தோடு 'வேண்டாம்' என்று கூறும் மருத்துவரும் கற்றுவருபவரே. காரணம் கூறாமல் கேள்வியைத் தட்டிக்கழித்தால், வேறொரு சிறுநீரக மருத்துவரின் கருத்தைப் பெறத் தயங்க வேண்டாம். அதற்காகத் தங்கள் பரிசோதனை அறிக்கைகளின் நகல்களைக் கேட்டுப் பெறும் உரிமை தங்களுக்கு உண்டு. 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்திற்குள் அவை வழங்கப்பட வேண்டும்.